ஊரைப் பார்க்காத ஊர்க்காரர்கள்

பழனிக்காரர் எவரையும் நிறுத்தி, மலைக்கு எத்தனை படி என்று கேளுங்கள். 693 என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். முதல் விஞ்ச் ஓடியது 1966, ரோப் கார் வந்தது 2004, கடைசிக் கும்பாபிஷேகம் 2023 ஜனவரி 27. தைப்பூசத்துக்கு எத்தனை லட்சம், பங்குனி உத்திரத்துக்கு எத்தனை லட்சம், உண்டியல் வசூல் போன தடவையைவிடக் கூடவா குறைவா, எல்லாம் டீக்கடையிலேயே கிடைக்கும். அடுத்ததாக, இந்த ஊரில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரு லட்சம் இருக்கும் என்பார் ஒருத்தர். ரெண்டு லட்சத்துக்குக் குறையாது என்பார் பக்கத்தில் இருப்பவர். 2011 கணக்கெடுப்பில் பழனி நகராட்சிக்குள் இருந்தது 70,467 பேர். வந்து போகிறவர்களை எண்ணத் தெரிந்த எங்களுக்கு, இருக்கிறவர்களை எண்ணத் தோன்றியதே இல்லை. எங்கள் மேல் நாங்களே வைக்க வேண்டிய குற்றப்பட்டியலை இந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1901ல் பழனியின் ஜனத்தொகை 17,168. அப்போது அது மதுரை ஜில்லாவின் ஒரு தாலுகா ஊர். நூறு வருஷத்தில் ஏறக்குறைய நான்கு மடங்காகி, 2001ல் 67,175 ஆனது. அதற்கடுத்த பத்து வருஷத்தில் கூடியது 3,292 பேர்தான். அதே காலத்தில் தமிழ்நாடு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வளர்ந்தது. பழனி ஐந்தைக்கூடத் தொடவில்லை. ஊர் நின்றுபோனதா என்றால் இல்லை, எல்லை தாண்டி வழிந்துவிட்டது. சிவகிரிப்பட்டி, ஆயக்குடி, பாலசமுத்திரம், நெய்க்காரப்பட்டி என்று நாலு பக்கமும் மனை பிரித்து விற்றார்கள்; வாங்கினோம். மீதிப் பேர் திருப்பூர் பஸ் ஏறிப் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், படித்தவர்கள் கோயம்புத்தூர் போனார்கள். ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள் என்று அந்தக் கணக்கு சொன்னதில், பிழைப்புக்காக வெளியூர் போன ஆண்களும் ஒளிந்திருக்கலாம். 2011க்குப் பிறகு யாரும் எங்களை எண்ணவில்லை. 2021ல் நடக்க வேண்டியது கொரோனாவில் தள்ளிப்போய், இப்போது 2027 என்கிறார்கள்.

ஒரு எண்ணுக்காக ஏன் இவ்வளவு அலட்டல் என்று தோன்றலாம். நகராட்சிக்கு வரும் மானியம் ஜனத்தொகையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. எழுபதாயிரம் பேருக்கான பணம், எழுபதாயிரம் பேருக்கான சாக்கடை, எழுபதாயிரம் பேருக்கான துப்புரவுப் பணியாளர்கள். தைப்பூச வாரத்தில் இந்த ஊரில் படுத்து எழுந்து, குளித்து, ஒதுங்கிப் போகிறவர்கள் எத்தனை மடங்கு என்பது உலகத்துக்கே தெரியும். பூசம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அடிவாரத்தில் நடந்து பார்த்தால், கணுக்கால் உயரத்துக்கு இலை, கப்பு, தண்ணீர் பாட்டில், அறுந்த செருப்பு. அதை அள்ளுகிறவர்களுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது. ஆள் பற்றாது, விழாக்காலத்துக்குத் தனிக்கணக்கு போடுங்கள் என்று வரி கட்டுகிற நாங்கள் ஒன்றுசேர்ந்து கேட்டிருக்க வேண்டும். தேவஸ்தானம் பார்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நகராட்சி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டோம்.

வருகிறவர்களையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டோமா? வெளியூர் நம்பர் பிளேட் வண்டி ஊருக்குள் நுழைந்ததும் நடுரோட்டில் ஓர் ஆள் குதிப்பார். "சாமி, வண்டி இதுக்கு மேல போகாதுங்க. இப்படி உள்ள விடுங்க, பார்க்கிங் காசு கிடையாது." உண்மையிலேயே பார்க்கிங்குக்குக் காசு வாங்க மாட்டார்கள். அங்கேயே ஒரு பூஜைத் தட்டு கைக்கு வரும். தேங்காய், பழம், மாலை, விபூதி, ஊதுபத்தி. விலை கேட்டால், முதலில் தரிசனம் முடிச்சுட்டு வாங்க சாமி, அப்புறம் பார்த்துக்கலாம் என்பார்கள். அப்புறம் என்ன பார்த்தார்கள் என்பதைப் பாலக்காட்டுக்காரரிடமும் ஈரோட்டுக்காரரிடமும் கேட்டால் வண்டி வண்டியாகச் சொல்வார்கள். இதைச் செய்பவர்கள் நூறு இருநூறு பேராக இருக்கலாம். தடுக்காமல் வேடிக்கை பார்த்த எழுபதாயிரம் பேர் நாங்கள். "நமக்கெதுக்கு வம்பு, அவனுக்கும் பிழைப்பு நடக்கணும்ல" என்று ஒரு நியாயம் வேறு வைத்திருந்தோம். உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024ல் மலையைச் சுற்றிய கிரிவீதியில் ஆக்கிரமிப்பை எடுத்து வண்டிகள் நுழைவதைத் தடுத்தபோதுதான் அந்த வீதி அவ்வளவு அகலமா என்று நாங்களே வாயைப் பிளந்தோம். கூடவே, முறையாக வாடகை கட்டிக் கடை நடத்தியவரும் தள்ளுவண்டிக்காரரும் பிழைப்பு கெட்டு நின்றார்கள். முன்னாலேயே ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒழுங்கு செய்திருந்தால் வழக்குவரை போயிருக்காது.

தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். இதில்தான் எங்கள் குற்றம் அதிகம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது வையாபுரிக் குளம். வையாபுரி என்பது பழனிக்கே பழைய பெயர். ஊர்ப்பெயரைச் சுமந்த குளம் அது. கரையில் நின்றால் குளத்துக்கு அப்பால் மலையும் கோபுரமும் ஒருசேரத் தெரியும். பழைய போட்டோக்களில் தண்ணீரில் மலை தலைகீழாக விழுந்திருக்கும். இன்றைக்கு விழ இடமில்லை. ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்திருக்கிறது, அதற்குக் கீழே எங்கள் வீட்டுச் சாக்கடை. எந்த எதிரியும் வந்து இதைச் செய்யவில்லை. வீடு கட்டினோம், கழிவுநீரை எங்கே விடுவது என்று யோசித்தோம், வாய்க்கால் சரிவாக இருந்தது, விட்டோம். லாட்ஜ் கட்டினவரும் அதே வாய்க்காலில் விட்டார். குளத்தில் நீர் பிடித்து வயல் நட்டவர்கள் ஒவ்வொருவராக வயலை மனையாக விற்ற பிறகு, மடை திறக்கச் சொல்லிக் கேட்க ஆளில்லை. நஞ்சை இருந்தவரை குளத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். நஞ்சை போனதும் குளம் அநாதை. வருஷத்துக்கொரு தடவை ஆகாயத்தாமரையை எடுக்கும்போது கரையில் நின்று செல்போனில் படம் எடுப்பதோடு எங்கள் கடமை முடிகிறது.

சண்முகநதி இன்னும் பெரிய பாவம். மேற்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சேர்ந்து உண்டாகி, வடக்கே போய் அமராவதியில் கலக்கிற நதி அது. காவடி எடுத்து வருகிறவர்கள் அதில் முழுகித்தான் மலையேற வேண்டும் என்பது சம்பிரதாயம். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடி கட்டி நடந்து வருவது நானூறு வருஷப் பழக்கம் என்கிறார்கள். எடப்பாடிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரித்து, மலைமேலேயே இரவு தங்கிப் போகிற உரிமையைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வருகிறார்கள். வெளியூர்க்காரர்கள் தங்கள் பங்கை விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் முழுக வந்த நதியை நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம்? கரையில் கழற்றிப் போட்ட வேட்டி துண்டுகள் கல்லில் சிக்கிக் கிடக்கும். அவை பக்தர்கள் போட்டவை என்று தப்பித்துவிடலாம். மேலிருந்து கலக்கிற சாக்கடை யார் வீட்டுடையது? கரையில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளோடு பெரியாவுடையார் கோயில் நிற்கிறது. சாயங்கால வேளையில் அங்கே போய் உட்கார்ந்தால் காற்றோடு சேர்ந்து நாற்றமும் வரும். போகிறோம், உட்காருகிறோம், வருகிறோம்.

சரித்திரத்தில் நாங்கள் விட்டதைச் சொல்ல இந்தப் பக்கங்கள் போதாது. ஒன்றிரண்டு மட்டும்.

ஊருக்குத் தென்மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் பொருந்தல். மலையடிவாரத்துத் தோப்புகளுக்கு நடுவே ஒரு மேடு. பாசிமேடு என்றுதான் அங்கே பெயர். மண்ணைக் கிளறினால் பாசிமணி கிடைக்கும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள், ஏன் கிடைக்கிறது என்று கேட்டவர் இல்லை. 2009லும் 2010லும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜன் குழுவோடு வந்து தோண்டினார். கண்ணாடி மணி செய்த உலைக்கூடம் வெளியே வந்தது. ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் வைத்த ஜாடி, அதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். இறந்தவரோடு வைத்த நெல் அது. அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. அதே குழியில் ஜாடி வைக்கும் பிரிமனையில் 'வ ய் ர' என்று தமிழி எழுத்துகள். தமிழ் எழுத்தின் வயதையே பின்னுக்குத் தள்ளுகிற செய்தி. அறிஞர்கள் அதை ஏற்றும் மறுத்தும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பேச்சே இல்லை. 2023ல் கீழடி அருங்காட்சியகம் திறந்ததும் வேன் பிடித்துப் போய்ப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொன்னோம். பொருந்தலுக்குப் போக டவுன் பஸ் செலவுதான். இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த நெல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

மேற்கே ஐவர்மலை. ஆடி அமாவாசைக்குப் போய்ச் சாமி கும்பிடுகிறோம். பஞ்சபாண்டவர் தங்கிய மலை என்று ஒரு கதை சொல்கிறோம். கதை இருந்துவிட்டுப் போகட்டும். பாறையின் நெற்றியில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களை அண்ணாந்து பார்க்கிறவர் யார்? அங்கே இரண்டாம் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, மன்னனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொல்கிற கல்வெட்டு. அதை வைத்துத்தான் அந்த மன்னன் 862ல் பட்டத்துக்கு வந்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு கட்டினார்கள். பாண்டியர் காலவரிசையை நிறுத்தி வைத்த ஆணி எங்கள் ஊர்ப் பாறையில் அடிக்கப்பட்டிருக்கிறது. சாந்திவீரக் குரவர் என்ற சமண முனிவர் பழைய திருமேனிகளைப் புதுக்கி, பூசைக்கும் அடிகளார் சோற்றுக்கும் பொன் வைத்த செய்தி அதில் இருக்கிறது. முருகனைத் தவிர வேறு யாருக்கும் பழனியில் சரித்திரம் இல்லை என்று நாங்கள் நினைத்ததால், சமணர்கள் பாண்டவர்களாகிவிட்டார்கள்.

சங்க காலத்தில் இந்த ஊர் பொதினி. அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் அதைச் சொல்லிவிடுகிறார். ஆவியர் குடியின் தலைவன் பேகன், மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல். பள்ளிக்கூட மேடையில் பேகன் வேஷம் போடாத பழனிப் பையன் குறைவு. ஆனால் புறநானூற்றில் பேகனைப் பற்றி இருக்கிற பாட்டுகளில் 143 முதல் 147 வரை ஐந்தும் வேறொருத்தியைப் பற்றிய பாட்டுகள். அவன் மனைவி பெயர் கண்ணகி. மதுரையை எரித்தவள் வேறு, இவள் வேறு. கணவன் பிரிந்துபோய் இன்னொருத்தியோடு இருக்க, இவள் அழுதுகொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு புலவர்கள் அவனிடம் போய், எங்களுக்குப் பரிசில் வேண்டாம், தேரேறி வீட்டுக்குப் போ என்று கேட்டிருக்கிறார்கள். பசித்து வந்த புலவன் பரிசு வேண்டாமென்று சொல்லும் பாட்டு நம் இலக்கியத்தில் எளிதில் கிடைக்காது. நாங்கள் மயிலை எடுத்துக்கொண்டோம், மனைவியை விட்டுவிட்டோம். குளிரில் நடுங்கிய பறவைக்குக் கொடுத்த துணி பெருமை. கண்ணீர் விட்ட பெண் வீட்டுச் சங்கதி என்று எந்த மேடையிலும் பேசாமலே இரண்டாயிரம் வருஷம் ஓட்டியாயிற்று. பட்டிமன்றம் நடத்துகிறவர்களுக்காவது இந்த விஷயம் கண்ணில் பட்டிருக்கலாம்.

கவிஞர் என்றதும் இன்னொருவர் நினைவு வருகிறார். 1836ல் பழனியில் பிறந்து, மூன்று வயதில் அம்மை போட்டுக் கண்ணை இழந்து, காதால் கேட்டே தமிழ் முழுக்கக் கற்று, ராமநாதபுரம் சமஸ்தானத்தில் கவிச்சிங்கம் என்று பட்டம் வாங்கிய மாம்பழக் கவிச்சிங்க நாவலர். 1884ல் இறந்தார். அவர் பாட்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று எங்களில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

படியைப் பற்றிப் பெருமையாகத் தொடங்கினேன் அல்லவா, அந்தப் படியில் எல்லோரும் ஏறவில்லை என்பதையும் நாங்களே சொல்லியாக வேண்டும். 1939ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்த பிறகுதான் பழனியும் அவர்களுக்குத் திறந்தது. அந்தக் காரணத்துக்காகவே 1946 பிப்ரவரியில் காந்தி, ராஜாஜியோடு பழனிக்கு வந்து மலையேறினார். காந்தி வந்தார் என்பதைச் சொல்கிற எங்கள் பெரியவர்கள், ஏன் அதுவரை மலையேறவில்லை என்பதைச் சொன்னதில்லை. அடிவாரத்திலேயே நின்று அண்ணாந்து கும்பிட்டுத் திரும்பிய தலைமுறைகளின் பேரன் பேத்திகள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு யாரும் எழுதி வைக்கவில்லை. 1939ல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இனி எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

பஞ்சாமிர்தத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினோம். அதன் உயிர் விருப்பாட்சி மலைவாழை. எழுபதுகளில் முடிக்கொத்து நோய் புகுந்து மலைத்தோட்டங்களை வழித்தெடுத்துவிட்டது. அந்த வாழைக்கு 2008லேயே குறியீடு வாங்கிக் கொடுத்தார்கள், ஆராய்ச்சிக்காரர்கள் நோயில்லாத கன்று கொடுத்தார்கள். மலையேறிப் பயிர் செய்ய ஆள் குறைந்துவிட்டது. வெளிக்கடைப் பஞ்சாமிர்தத்தில் இன்றைக்கு எந்த ஊர் வாழைப்பழம் இருக்கிறது என்று டப்பா வாங்குகிற நாங்களும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. அந்த விருப்பாட்சியில்தான் பாளையக்காரர் கோபால் நாயக்கர் சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தார், 1801ல் வெள்ளைக்காரன் போட்ட தூக்கில் தொங்கினார். ஒட்டன்சத்திரம் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பதோடு சரி.

பழனி நாடாளுமன்றத் தொகுதி என்று ஒன்று இருந்தது. சி. சுப்பிரமணியம் 1977ல் இங்கிருந்து ஜெயித்தவர். 2008 மறுசீரமைப்பில் தொகுதியே காணாமல் போனது, எங்கள் ஊரில் ஒரு நாள் கடைகூட மூடவில்லை. 2009ல் அகலப்பாதைக்காக நிறுத்திய ரயில் பொள்ளாச்சிவரை மறுபடி ஓட 2015 ஆனது. ஆறு வருஷமும் பொறுமையாகப் பஸ்ஸில் போனோம். பழனியைத் தனி மாவட்டமாக்கு என்ற கோரிக்கைக்கு மட்டும் இன்றைக்கும் பிளக்ஸ் வைக்கிறோம். மாவட்டம் கிடைத்தால் கலெக்டர் ஆபீஸ் எங்கே வரும், மனை விலை எவ்வளவு ஏறும் என்பதுவரை பேச்சு போய்விட்டது. கலெக்டர் வந்தால் வையாபுரிக் குளத்தில் சாக்கடை விடுவதை நிறுத்துவோமா என்பது பேச்சில் வரவில்லை.

கடைசியாக, எந்தக் கணக்கிலும் ஒழுங்காகச் சேராதவர்கள். கிரிவீதி மண்டபங்களிலும் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கமும் படுத்திருக்கும் வயசானவர்கள். சிலர் பண்டாரமாக வந்தவர்கள், சிலர் தரிசனத்துக்கு அழைத்துவந்த பிள்ளைகளே விட்டுவிட்டுப் போனவர்கள். பாட்டி, எந்த ஊரு என்று கேட்டால் ஊர்ப்பெயர் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மகனுக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்ற பயம். 2012ல் வந்த முழுநாள் அன்னதானத்தில் கோயில் அவர்களுக்குச் சோறு போடுகிறது. கண் ஆபரேஷனுக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ விலாசம் கேட்பார்கள், விலாசம் இல்லை. பத்து இருபது வருஷமாக இங்கேயே இருப்பவரைக்கூடப் பழனிக்காரராக நாங்கள் சேர்த்துக்கொண்டதில்லை.

2027 கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களை ஒரே இரவில் எண்ணுவார்கள். அன்றைக்குக் கணக்கெடுக்க வருகிறவருக்கு இந்த இடமெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, சண்முகநதிப் பாலம், இடும்பன் மலை அடிவாரம், மடங்களின் திண்ணை என்று கூடவே போய்க் காட்ட வார்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். யார் யார் என்று இப்போதே பெயர் எழுதி நகராட்சியில் கொடுத்துவிடலாம். 2011ல் அப்படி யாரும் போனதாகத் தெரியவில்லை. போக வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவுமில்லை.